எந்த ஊரு என்று மட்டும் கேட்டோம்

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலில் இரண்டு விரல்கள் குறைந்திருந்தன. சர்க்கரைதான் காரணம். செருப்பு கடித்த புண்ணை, "அது சும்மா கெடக்கு" என்று விட்டு வைத்தார். அது சும்மா கிடக்கவில்லை. சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்த டாக்டர் என்னையும் மதினியையும் உட்கார வைத்து, எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர் போலப் பேசினார். தினமும் கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்ட வேண்டும். பதிவு பெற்ற நர்ஸ்தான் அதைச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, கம்பவுண்டர் மாமா யாரும் தொடக்கூடாது. புண் மேலே ஏறினால் அடுத்த முறை விரலோடு நிற்காது, முழங்கால் வரை போகும் என்றார்.

முழங்கால் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த ஏணிதான் கண்முன் வந்தது. தாராவியில் அண்ணனுக்குக் கீழே பட்டறை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி ஒன்று, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. பட்டறையில் பை தைக்கிறார்கள். ரெக்சின் வெட்டுவது அண்ணன் வேலை. காலையில் மேசை முன்னால் நின்றால் சாப்பாட்டுக்குத்தான் நகர்வார். உட்கார்ந்து வெட்டினால் கோடு கோணும் என்பார். ஒற்றைக் காலோடு அந்த ஏணியில் ஏறவும் முடியாது, அந்த மேசை முன்னால் நிற்கவும் முடியாது. அவர் கால் போனால் அவரும் போய்விடுவார் என்று நான் பயந்தேன். இதை மதினியிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பட்டறை ஆட்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஏணி வழியாகத் தூக்கினார்கள். சந்தே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே என்னைய நாற்காலியில தூக்காதிய. நான் என்ன சப்பரத்துல போற சாமியா?"

நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அட்மிஷன் என் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழைக் காட்டாவிட்டால் கண்ணெதிரே நிற்கும் பிள்ளை பிறந்ததையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று என் கணவர் கேலி செய்வார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனபோதும் அந்தப் புத்தி கூடவே வந்தது.

நான் போன நேரம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றியவள் எங்கள் சந்து முழுக்க 'சிஸ்டர்' என்று கூப்பிடும் பெண். நாற்பது வயதைத் தாண்டியவள், எப்போதும் வெளுத்த காட்டன் புடவை, தோளில் ஜிப் வைத்த ஒரு கறுப்புப் பை. யாருக்கு ஊசி போட வேண்டும் என்றாலும், பிரஷர் பார்க்க வேண்டும் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மதினி அவளை ஏற்பாடு செய்திருந்தாள். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டுச் செய்த காரியம் இல்லை அது. டாக்டர் நர்ஸ் வேண்டும் என்றார், இதோ நர்ஸ் என்றுதான் அவள் நினைத்தாள்.

நான் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். "சிஸ்டர், நீங்க நர்சிங் எங்க படிச்சீங்க?"

மதினி என்னைப் பார்த்த பார்வை, விருந்துக்கு வந்தவளிடம் சோற்றுக்குக் கணக்குக் கேட்டவளைப் பார்க்கிற பார்வை. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, என்னட்டி கேக்க? இவ யாருன்னு தெரியுமா ஒனக்கு? நாங்குநேரிக்குப் பக்கத்துல இவ அப்பா ஊரு. இவ மாமனார் எனக்கு முன்னால இந்தச் சந்துக்கு வந்தவரு. இவ அண்ணன் இங்கதான் தோல் பட்டறை வச்சிருந்தான். ஊரு பேரு தெரிஞ்ச பிள்ளைகிட்ட வந்து சர்ட்டிபிகேட்டு கேக்க!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைச் சோதித்துப் பார்க்க ஒரே கேள்விதான் தெரியும். எந்த ஊரு? ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் யார் வீடு என்று கேட்பார்கள். அதோடு சாதி, சண்டை, சம்பந்தம் எல்லாம் தெரிந்துவிடும். பட்டறைக்கு ஆள் எடுப்பதும் அப்படித்தான், வாடகைக்கு வீடு விடுவதும் அப்படித்தான், பெண் கொடுப்பதும் அப்படித்தான். எனக்கு அந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆனால் அது ஒன்றுக்கும் உதவாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு முழம் ரெக்சின்கூடத் திருடு போனதில்லை. ஊர் தெரிந்தவன் திருட மாட்டான், திருடினால் போக இடமில்லை. ஆனால் ஊர் தெரிந்தவளுக்குப் புண்ணைக் கழுவத் தெரியுமா என்பது வேறு விஷயம். அந்த வித்தியாசம் அண்ணனுக்கு ஏறவில்லை.

சிஸ்டர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கட்டை முடித்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வாறேன் அண்ணாச்சி" என்று ஏணியில் இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். சண்டை போடத்தான் இறங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதை வாயில் தயாராக வைத்திருந்தேன்.

தொண்ணூறு அடி ரோடுக்குத் திரும்பும் இடத்தில் அவளே நின்றாள்.

"அக்கா, நான் நர்சுன்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனா?"

நான் யோசித்தேன். என் காதுபட அவள் அப்படிச் சொன்னதில்லை.

"கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு நர்சிங் ஹோம்ல ஆயாவா இருந்தேன். பெட்பேன் எடுப்பேன், துணி மாத்துவேன். அங்க இருக்க சிஸ்டருமாரு ஊசி போடுதத பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒருநாளு ஊசி போட ஆளில்ல, போட்டேன். அதுலருந்து சிஸ்டர் சிஸ்டர்னாவ. எந்த ஊருன்னு எல்லாரும் கேட்டாவ. எங்க படிச்சன்னு இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேக்குது."

"அப்ப அண்ணன் கால?"

"பாத்த அன்னைக்கே எனக்குப் பயம்தான். ஊசி வேற, இது வேற. முடியாதுன்னு சொன்னா ஏன் முடியாதும்பாவ. அதுக்கு என்ன பதிலு சொல்ல? ஓரத்துல ஒரு மாதிரி நெறம் மாறுது அக்கா. சீக்கிரம் ஒரு நல்ல நர்ச பாருங்க." கொஞ்சம் நின்றுவிட்டு, "வீட்டுல சொல்லிறாதீய. எனக்கு வேற பொழப்பு இல்ல" என்றாள்.

சண்டைக்காகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே கிடந்தன. கோபம் இருந்தது. அண்ணன் காலைத் தொட்டிருக்கிறாளே என்ற கோபம். அதே சமயம், இத்தனை வருஷமாக ஊரே தூக்கிக் கொடுத்த பட்டத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறாளே என்று பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. "சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அந்தக் கட்டைப் பிரிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

மேலே போய் அண்ணனிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அண்ணன் நாற்காலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேசுவது அம்மிக்கல்லிடம் பேசுவதுதான்.

திங்கட்கிழமை சிஸ்டர் ஏதோ சாக்குச் சொல்லிக் கட்டு மாற்றப் போகவில்லை. நான் பள்ளியில் உட்கார்ந்தபடியே நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளுக்குப் போன் போட்டேன். எல்லாரும் "ட்ரெய்ண்ட் ஹை மேடம், ஃபுல் ட்ரெய்ண்ட்" என்றார்கள். எந்தப் பயிற்சி என்றால் லைனில் சத்தமே இல்லை. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் என்ன என்றால், அனுப்புகிறேன் மேடம் என்றார்கள். ஒருவன் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதற்கான ஏதோ குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழை அனுப்பினான். இன்னொருவன் ஆதார் கார்டை அனுப்பினான். அந்தப் பெண் இந்தியாவில்தான் இருக்கிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும் என்று பதில் போட்டேன். அவன் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினான்.

கடைசியில் மாட்டுங்காவில் நான் வழக்கமாக மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில் கேட்டதில்தான் வழி பிறந்தது. சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுத்துணியும் மருந்தும் வாங்க வருபவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு மராத்திப் பெண்ணின் எண் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்ததும் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறவள்.

அவளிடம் என் கேள்வியை இழுத்து இழுத்துக் கேட்டேன். எங்கே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாளோ என்று பயம். அவளோ நான் ரயில் டைம் கேட்டது போலச் சாதாரணமாக, பதிவு எண்ணைச் சொல்லி, சான்றிதழின் படத்தையும் அனுப்பி, "கவுன்சிலில் விசாரித்துக்கொள்ளுங்கள், புதுப்பித்திருக்கிறேனா என்றும் பாருங்கள், பலர் புதுப்பிப்பதில்லை" என்று ஹிந்தியில் சொன்னாள். விசாரித்தேன். பெயர் சரி, எண் சரி, பதிவு நடப்பில் இருந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். அதுவும் சரி. ஒரு அட்மிஷனை முடித்த நிம்மதி எனக்கு.

அப்புறம் அவள் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரை அனுப்புங்கள். டாக்டர் எழுதித் தராமல் நான் தொட மாட்டேன். நோயாளி குடிப்பாரா? வீட்டில் யார் யார் இருப்பார்கள், பெண்கள் இருப்பார்களா? சந்தில் வெளிச்சம் உண்டா? உங்கள் குடும்பத்தைப் பற்றி நான் போன் போட்டு விசாரிக்க, உங்களுக்குச் சொந்தமில்லாத யாராவது அந்தச் சந்தில் இருக்கிறார்களா?

எனக்குச் சுருக்கென்றது. எங்களையா விசாரிக்க வேண்டும்? எங்கள் அண்ணன் இருக்கிற சந்தில் போய் யாரிடம் வேண்டுமானாலும் கேளேன்! அப்புறம்தான் உறைத்தது. தெரியாத சந்து, தெரியாத ஏணி, மேலே தெரியாத ஆண். கதவைத் திறந்துவிடுகிறவர்களுக்கு இருக்கிற பயத்தைவிட உள்ளே நுழைகிறவளுக்குப் பயம் அதிகமாகத்தானே இருக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

சந்தில் சொந்தமில்லாத, விவரம் தெரிந்த பெண் யார் என்று யோசித்தேன். எனக்கு ஒரே ஆள்தான் தோன்றியது. சிஸ்டரின் எண்ணைக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து நேராகத் தாராவிக்குப் போனேன். ஏணிக்கடியில் அந்த மராத்திப் பெண் நின்றிருந்தாள். கூடவே சிஸ்டரும். ரோட்டிலிருந்து சந்துக்குள் வழி காட்டி அழைத்து வந்தவள் அவள்தான். "உங்க குடும்பத்தப் பத்திக் கேட்டாவ. தங்கமான குடும்பம்னு சொன்னேன்" என்றாள் என்னிடம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மேலே போனதும் அண்ணன் தன் 'எந்த ஊரு' பரீட்சையை ஹிந்தியில் வைத்தார். "ஆப்கா காவ் கோன்ஸா?"

நர்ஸ் சதாரா ஜில்லாவில் ஏதோ ஒரு ஊரைச் சொன்னாள். அண்ணன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார், மூடினார். சதாராவில் அவருக்கு யாரையும் தெரியாது. எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டு என்ன ஆகப்போகிறது?

"காகா, கட்டைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டாள் நர்ஸ். மராத்தியில் சித்தப்பா முறை வைத்து, மரியாதையாகத்தான் கேட்டாள்.

அண்ணன் காலை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "இது யாரு எவருன்னு ஒண்ணும் தெரியல. என் தங்கச்சிக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. நீ இருக்கும்போது இவ எதுக்கு? நீயே பாரும்மா."

மதினியும் தலையாட்டினாள். நான் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அவர் கால் அங்கே கிடக்கிறது. என் வாய் திறப்பதற்குள் சிஸ்டர் தோள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் நர்சு இல்ல. ஆயா வேலதான் பாத்தேன். இவதான் நர்சு."

மதினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பம் எனக்கு ஊசி போட்டது? இவளுக்கு மாசா மாசம் பிரஷர் பாத்தது?" என்றார் அண்ணன், மதினியைக் காட்டி.

"நாந்தான். நர்சுன்னு நீங்கதான் சொன்னிய, நான் சொல்லல. இல்லன்னும் சொல்லல, அது என் தப்பு. உங்க கால இவகிட்ட காட்டுங்க அண்ணாச்சி. எனக்கு அந்தப் புண்ணப் பாத்தாப் பயமா இருக்கு."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, இழுத்துக்கொண்ட காலை நீட்டினார்.

நர்ஸ் விளக்கை நகர்த்தச் சொன்னாள், கையைக் கழுவினாள், உறை மாட்டினாள். கடைசிச் சுற்று பிரிந்ததும் எனக்கே வாடை தெரிந்தது. ஓரத்தில் ஒரு இடம் கறுத்திருந்தது. நர்ஸ் பதறவில்லை. கழுவி, மூடி, டாக்டருக்குப் போன் போட்டாள். இன்றைக்கே போக வேண்டும், நாளை என்ற பேச்சே கிடையாது என்றாள். அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நாற்காலிய எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். சப்பரம் மறுபடியும் புறப்பட்டது. அந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, அழுதுகொண்டே பின்னால் நடந்தேன்.

கெட்டுப்போன சதையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். அப்புறம் மழைக்காலம் முழுக்க அந்த நர்ஸ் நனைந்த குடையை ஏணியில் மாட்டிவிட்டு வந்துபோனாள். சிஸ்டரும் தினமும் வந்தாள். வெந்நீர் வைப்பாள், விளக்கைப் பிடிப்பாள், அண்ணனின் தமிழையும் நர்ஸின் ஹிந்தியையும் ஒன்றுக்கொன்று புரிய வைப்பாள். புண்ணைத் தொட மாட்டாள். அவள் சொன்னது ஒரே நாளில் சந்து முழுக்கப் பரவிவிட்டது. சிலர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி வாசலில் நின்று ஏசினாள். இப்போது கூப்பிடுகிறவர்களிடம் அவள் முதலிலேயே, நான் நர்ஸ் இல்லை, குளிப்பாட்டி விடுவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பேன், ஊசி போட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். வேலை முன்னைவிடக் குறைவுதான். அதை நான் மறைத்து எழுத முடியாது.

காலைத் தரையில் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் நான் போயிருந்தேன். அண்ணன் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏணிக்கு முகம் காட்டி, ஒவ்வொரு படியாகப் பின்புறமாக இறங்கினார். கீழே நர்ஸும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தூக்கியபடி நின்றார்கள். அவர் விழுந்தால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்களே தவிர, பிடித்திருக்க முடியாது. இருந்தாலும் நின்றார்கள்.

அவர்கள் போன பிறகு பட்டறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். மேசையின் தூசியைக் கையால் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏட்டி, அன்னைக்கு நீ அவகிட்ட எங்க படிச்சன்னு கேட்டப்பம் எனக்கு எவ்வளவு கோவம் வந்துது தெரியுமா?"

"தெரியாம என்னண்ணே. சந்துக்கே தெரியும்."

"எனக்கு வந்துது. அவளுக்கு வரல, கவனிச்சியா? நெசமா படிச்சவளா இருந்தா வந்திருக்கும். இல்ல, அந்த நர்சு மாதிரி நம்பரச் சொல்லிட்டுப் போயிருப்பா. அவ சும்மா நின்னா. இத்தன வருசமா யாராச்சும் கேக்க மாட்டாவளான்னு நின்ன மாதிரி நின்னா. நான் அவ ஊரச் சொல்லி அவ வாய அடச்சிட்டேன்."

அண்ணன் ஒரு ரெக்சின் சுருளை மேசையில் விரித்தார். மூன்று விரல் மட்டும் இருந்த வலது காலைத் தரையில் நன்றாக ஊன்றிப் பார்த்துவிட்டு, கத்தியை எடுத்தார்.